நேராகப் போட்ட குழாய்

ஐப்பசி மாதத்துத் திங்கட்கிழமை. காலை எட்டே முக்கால் மணி. நல்ல மழை. கண்ணமங்கலத்துக்கு இரண்டு மைல் முன்னால் ஒரு சைக்கிள் கடை வாசலில் என் கார் நிற்கிறது. பானெட் திறந்திருக்கிறது. கடைக்காரர் எஞ்சினுக்குள் கையை விட்டு, எங்கேயோ ஓரிடத்தில் கட்டைவிரலை வைக்கிறார்.

கார் ஓடுகிறது.

விரலை எடுக்கிறார். இரண்டு தும்மல் தும்மிவிட்டு நின்றுவிடுகிறது.

மறுபடியும் வைக்கிறார். நான் ஸ்டார்ட் செய்கிறேன். வெண்ணெய் மாதிரி ஓடுகிறது.

"சார்..." என்று நிமிர்ந்து பார்க்கிறார் அவர். "வேலூர் வரைக்கும் நான் இப்பிடியே வெரல வெச்சிகினு வர முடியாது. இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க இதுக்குள்ள?"

என்ன பண்ணி வைத்திருந்தேன்?

அதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். சொல்லாமலே மறைத்துவிடலாம் என்றுதான் ஒன்றரை மாதமாக இருந்தேன். ஆனால் போன வியாழக்கிழமை எங்கள் தெருவுக்கு ஒரு கவர் வந்தது. எனக்கில்லை, வேறொருவருக்கு. அது வந்த பிறகு மூடி மறைப்பது நியாயமில்லை என்று தோன்றிவிட்டது.

வாரா வாரம் நான் எழுதும் இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவர்களுக்கு என் காரைத் தெரியும். வெள்ளைக்காரன் நாட்டில் செய்து, கப்பலில் வந்து, வேலூரில் ஒரு டாக்டரிடம் இருபத்தைந்து வருடம் ஊழியம் பார்த்து, அவர் ரிட்டையர் ஆனபோது தானும் ரிட்டையர் ஆகியிருக்க வேண்டிய கார். நான் வாங்கிவிட்டேன். பச்சை நிறம். ஆரணியில் அதைப் போல் இன்னொன்று கிடையாது. "ஏன் இல்லேன்னு யோசிச்சீங்களா?" என்று என் மனைவி சரோஜா கேட்டிருக்கிறாள். யோசிக்கவில்லை.

நான் ஹைஸ்கூலில் பெளதிக ஆசிரியர். இருபது வருட சர்வீஸ். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. பெளதிக ஆசிரியர் கார் வைத்திருந்தால் அவர் மெக்கானிக்கிடம் போகலாமா? கெளரவம் என்ன ஆவது? எஞ்சின் என்பது என்ன? வெப்பம், அழுத்தம், கன அளவு — மூன்றும் நான் போர்டில் எழுதி அழித்த விஷயங்கள்தானே?

இப்படித்தான் நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை. இதே பக்கத்தில் ஒரு வாரம் எழுதியும் விட்டேன். 'காரை வைத்திருப்பவன் கை அழுக்காவதற்கு அஞ்சக் கூடாது' என்று ஆரம்பித்து ஒரு முழுப் பக்கம். அதைப் படித்துவிட்டு விழுப்புரத்திலிருந்து ஒரு வாசகர், 'உங்கள் கட்டுரையால் ஊக்கம் பெற்று என் ஸ்கூட்டரை நானே பிரித்துவிட்டேன்' என்று கடிதம் போட்டிருந்தார். பூட்டினாரா என்று அவர் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. ஐயா, நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால்... என்னை மன்னித்துவிடுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன்.

எஞ்சின் ஓடும்போது அது காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றில் பெட்ரோலைக் கலந்து கொடுப்பதுதான் கார்புரேட்டர். இந்த உறிஞ்சலில் கொஞ்சத்தை வேறு வேலைக்கும் திருப்பிவிடலாம் என்று அந்தக் காலத்து எஞ்சினியர்கள் கண்டுபிடித்தார்கள். கார்புரேட்டரைச் சுற்றி இரண்டு மூன்று சின்ன மூக்குகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு மூக்கிலும் ஒரு ரப்பர் குழாய். ஒன்று பொறி அடிக்கும் நேரத்தைச் சரிசெய்யப் போகும். இன்னொன்று — இதுதான் நமக்கு முக்கியம் — வைப்பருக்குப் போகும்.

ஆமாம். என் காரின் வைப்பர் கரண்டில் ஓடுவதில்லை. எஞ்சின் உறிஞ்சுகிற உறிஞ்சலில் ஓடுகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் உறிஞ்சல் குறையும், வைப்பர் படுத்துக்கொள்ளும். காலை எடுத்தால் எழுந்து ஆடும். அதாவது, வேகமாகப் போனால் பாதை தெரியாது. பாதை தெரிந்தால் வேகமாகப் போக முடியாது. கார் வாங்கிய முதல் மழையிலேயே இந்தத் தத்துவம் எனக்கு விளங்கிவிட்டது.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை பள்ளி லீவு. பானெட்டைத் திறந்தேன். எஞ்சினைத் துடைக்கலாம் என்றுதான் திறந்தேன். சத்தியமாக வேறு எண்ணம் இல்லை.

துடைக்கும்போது வைப்பர் குழாய் கண்ணில் பட்டது. கறுத்து, காய்ந்து, கட்டை போல் விறைத்திருந்தது. அங்கங்கே வெடிப்பு. அது போகிற வழியைப் பார்த்தேன். கார்புரேட்டருக்குக் கீழே ஒரு மூக்கிலிருந்து கிளம்பி, பின்னால் போய், எஞ்சினின் முதுகுப்பக்கமாகச் சுற்றி, அங்கே ஒரு தகர கிளிப்புக்குள் நுழைந்து, மேலே ஏறி, மறுபடி திரும்பி வைப்பரிடம் வருகிறது. முக்கால் அடி தூரத்தில் இருக்கிற இடத்துக்கு இரண்டடி குழாய்!

எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறைந்த தூரம் நேர்கோடு. இது ஆறாம் வகுப்புப் பாடம். இதுகூடத் தெரியாமலா கார் செய்தார்கள்?

பழைய குழாயைப் பிடுங்கிப் போட்டேன். புதுக் குழாய்க்கு எங்கே போவது? ஆரணியில் பட்டுக்கு எத்தனை கடை வேண்டுமானாலும் உண்டு; இந்தக் குழாய்க்கு ஒன்றும் கிடையாது. மெட்ராஸுக்கு எழுதிப் போடலாம். ஆனால் கை அழுக்காகத் துணிந்தவனுக்குப் பொறுமை இருக்குமா? நேராக மருந்துக் கடைக்குப் போனேன். அங்கே ஆஸ்பத்திரி ரப்பர் குழாய் இருந்தது. சிவப்பு நிறம். மெத்தென்று, பிடித்தால் விரலுக்குள் ஒட்டிக்கொள்கிற மாதிரி.

"யாருக்கு சார் ஒடம்பு சரியில்ல?" என்றார் கடைக்காரர்.

"காருக்கு."

அவர் ஒரு மாதிரி பார்த்தார். ஒரு கெஜம் வெட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து, மூக்கிலிருந்து வைப்பருக்கு நேராக, அம்பு போல் இழுத்துப் போட்டேன். கச்சிதம்! பின்னால் அந்தத் தகர கிளிப் மட்டும் வேலையில்லாமல் நின்றது. ஸ்டார்ட் செய்து பார்த்தேன். வைப்பர் ஆடியது. சரோஜாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவள் குனிந்து பார்த்தாள். "முன்னாடி அது பின்பக்கமா சுத்திதானே போச்சு?"

"ஆமாம். அநாவசியமா."

"ஏன் சுத்திப் போச்சு?"

"வெள்ளைக்காரனுக்கு ரப்பர் சும்மா கெடைச்சிருக்கும்."

"இல்ல, எதுனா காரணம் இருக்கப் போவுதுன்னு..."

"சரோஜா, நான் பெளதிகம் எடுக்கிறவன்."

அவள் அடுப்பில் எதையோ வைத்திருந்ததாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அத்தோடு விட்டிருந்தால் நானும் காரும் மட்டும்தான் கஷ்டப்பட்டிருப்போம். ஆனால் அன்று மாலையே பச்சையம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

பச்சையம்மாள் எங்கள் தெருக்கோடியில் இருப்பவர். வீட்டிலேயே தறி. தறியில் உட்கார்ந்தே ஒரே மகள் தேவகியை டீச்சர் டிரெயினிங் வரை படிக்க வைத்தவர். தேவகி படித்து முடித்து நான்கு வருடம் ஆகிறது. எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பதிந்துவிட்டு நான்கு வருடமாகத் தபால்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு முறை கார்டு வந்தது; இன்டர்வியூ முடிந்த மறுநாள் வந்தது. இப்போது இரண்டாவது கார்டு. திங்கட்கிழமை காலை பத்து மணி, வேலூர். இதை விட்டால் அடுத்தது எப்போது வருமோ... யாருக்குத் தெரியும்?

பச்சையம்மாள் வந்தது கார் கேட்க இல்லை. சர்டிபிகேட் காப்பியில் என்னிடம் கையெழுத்து வாங்கத்தான் வந்தார்.

"காலைல ஆறு மணி பஸ்ஸைப் புடிச்சிடலாம்னு இருக்கோம்ங்க சார்," என்றார்.

"பஸ்ஸா?" என்றேன் நான். "இந்த மழையில பஸ்ல நசுங்கிப் போயி நின்னா பொண்ணு எப்படி இருப்பா? நான் கொண்டுபோய் விடறேன். எட்டு மணிக்குக் கிளம்பினா ஒம்பதேகாலுக்கு வேலூர்."

"வேணாங்க சார், உங்களுக்கு எதுக்கு சிரமம்..."

"ஒரு சிரமமும் இல்ல. வண்டி இப்பதான் நானே வேலை பாத்து வெச்சிருக்கேன்."

கதவோரம் நின்ற சரோஜா அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் பச்சையம்மாளைப் பார்த்து, "ஆறு மணி பஸ்ஸும் நல்லாத்தான் இருக்கும்," என்றாள். நான் முறைத்தேன். பச்சையம்மாள் தர்மசங்கடத்தில் தலையாட்டினார். மரியாதைக்காக மனிதர்கள் எவ்வளவு பெரிய ஆபத்தையெல்லாம் ஒப்புக்கொள்கிறார்கள், பாருங்கள்!

திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கிளம்பினோம். பச்சையம்மாள் முன்சீட்டில். தேவகி என் பின்னால், மடியில் ஒரு அட்டைப் பெட்டியோடு. பட்டுப் புடவை வைத்துக் கொடுக்கிற பெட்டி. அதற்குள் சர்டிபிகேட்டுகள். நீல நிறக் காட்டன் புடவை, மடிப்பு கலையாமல். தலையில் கொஞ்சமாகக் கனகாம்பரம். பேசவில்லை. உதடு மட்டும் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தது.

சேவூர் தாண்டுவதற்குள் மழை வலுத்தது. வைப்பரைப் போட்டேன். இரண்டு ஆட்டம் ஆடியது. மூன்றாவது ஆட்டத்தில் பாதியில் நின்றது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். அசையவில்லை.

"அதுக்குக் கொஞ்சம் நேரம் ஆவும்," என்றேன்.

"சரிங்க சார்," என்றார் பச்சையம்மாள்.

கண்ணாடி முழுக்கத் தண்ணீர். தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஓட்டினேன். இருபது மைல் வேகம். அப்புறம் பதினைந்து. ஒரு மாட்டு வண்டி எங்களைத் தாண்டவில்லை. தாண்டலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது.

கண்ணமங்கலம் நெருங்கும்போது பானெட்டுக்கு அடியிலிருந்து ஒரு வாடை. ரப்பர் கருகுகிற வாடை. "யாரோ டயர் கொளுத்தறாங்க," என்றேன். கொட்டுகிற மழையில் யார் டயர் கொளுத்துவார்கள்? அதையும் யோசிக்கவில்லை. அடுத்த நிமிடம் எஞ்சின் குலுங்கியது. உஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். செத்துவிட்டது.

மறுபடி ஸ்டார்ட் செய்தேன். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் உறுமியது. காலைக் கொஞ்சம் எடுத்தால் தும்மி நின்றது.

இறங்கினேன். குடை இல்லை. பானெட்டைத் திறந்தேன். ஒரு நல்ல ஆசிரியர் என்ன செய்வாரோ அதைச் செய்தேன்... தெரியாததை விட்டுவிட்டுத் தெரிந்ததிலிருந்து ஆரம்பித்தேன். பெட்ரோல் இருக்கிறதா? இருக்கிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். துடைக்கத் துடைக்க மழை நனைத்தது. பெட்ரோல் குழாயில் வாயை வைத்து ஊதினேன். ஒரு வாய் பெட்ரோல் உள்ளே போனது. என் அருமைக் குழாயை மட்டும் நான் பார்க்கவே இல்லை. நான் போட்டதாயிற்றே, அதில் எப்படிப் பழுது இருக்கும்?

அதற்குள் ஒரு பஸ் வந்தது. வேலூர் பஸ். பச்சையம்மாள் இறங்கி நடுரோட்டுக்கே ஓடிக் கையை நீட்டினார். படியில் ஆறேழு பேர் தொங்கினார்கள். நிற்கவில்லை. எங்கள் மூன்று பேர் மேலும் சமமாகச் சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போயிற்று. தேவகி மட்டும் கொஞ்சம் தப்பித்தாள். பெட்டியைக் காப்பாற்றுவதற்காகத் திரும்பி நின்றதில் சேறெல்லாம் முதுகில்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அழவில்லை. கோபப்படவும் இல்லை. பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான்கு வருடம் ஒரு பெண் காத்திருந்ததை, ஒரு சனிக்கிழமை மத்தியானத்தில் நான் பாழாக்கிவிட்டேன். எதற்காக? பெருமை அடித்துக்கொள்ள. வேறென்ன?

"அடுத்த பஸ் எத்தினி மணிக்கும்மா?" என்று பச்சையம்மாள் மகளிடம் கேட்டார்.

"ஒம்பதரைக்கும்மா. அது போயி சேர பத்தரை தாண்டிடும்."

"அங்க ஒரு கடை தெரியுது. தள்ளுங்க சார்," என்றார் பச்சையம்மாள் என்னிடம்.

தள்ளினோம். நூறு கெஜம். அதுதான் கரீம் பாயின் சைக்கிள் கடை. பங்க்சர், காற்று, வாடகை சைக்கிள். கார் அவர் தொழில் இல்லை என்பதை முதலிலேயே சொன்னார். "எனக்கு கார் தெரியாது சார். காத்து மட்டும்தான் தெரியும்," என்றார்.

எனக்குத் தேவைப்பட்டதும் அதுதான் என்று அப்போது தெரியவில்லை.

"ஸ்டார்ட் பண்ணுங்க," என்றார். பண்ணினேன். காதைச் சாய்த்துக் கேட்டார். டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை தேடுகிற மனிதர் அல்லவா! "எங்கியோ காத்தை இஸ்துகினு இருக்குது," என்றார். கையை விட்டுத் துழாவினார். கட்டைவிரலை வைத்தார். அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும்.

"இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க?" என்று அவர் கேட்டதற்கு, நான் அந்தச் சிவப்புக் குழாயின் மிச்சத்தை எடுத்துக் காட்டினேன். ஒரு பக்கம் உருகி, நூல் நூலாக இழுத்துக்கொண்டு நின்றது. எஞ்சினிலிருந்து புகை வெளியே போகிற இரும்புக் குழாயின் மேலேயே, நேர்கோட்டில், நான் அதைப் படுக்க வைத்திருந்தேன்.

"இது கொதிக்கிற எடம் சார். தோசைக் கல்லு மேல ரப்பரை வெச்சா நிக்குமா?" என்றார் கரீம் பாய். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, "பின்னால ஒரு கிளிப்பு இருக்குதே... அந்தப் பக்கமா போவணும் போல கீது. சூடு படாம சுத்திப் போறதுக்குத்தான் வெச்சிருக்கான்," என்றார்.

என்ன சொல்வது? வெள்ளைக்காரனுக்கு ரப்பர் சும்மா கிடைத்தது என்றா?

தேவகி அந்தக் குழாயின் உருகாத பாதியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அது அப்பளம் மாதிரித் தட்டையாகிக் கிடந்தது. உருட்டினாள். விட்டதும் மறுபடி தட்டையானது.

"சார்..." என்றாள் தயங்கித் தயங்கி. அன்றைக்கு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. "உள்ள காத்து இல்லாததால வெளிக்காத்து அமுக்கியிருக்குமோ? அதனாலதான் மொதல்லயே வைப்பர் நின்னுடுச்சோ?"

ஒன்பதாம் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் நான் ஒரு சோதனை செய்து காட்டுவேன். தகர டின்னில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்து, இறுக்கி மூடி, மேலே பச்சைத் தண்ணீரை ஊற்றினால் டின் தானாக நசுங்கும். பிள்ளைகள் கை தட்டுவார்கள். வெளிக்காற்றுக்கு எவ்வளவு பலம் என்று நான் மேஜையைத் தட்டிச் சொல்வேன். இருபது வருடம். இருபது டின். மெத்தென்ற குழாயை வாங்கும்போது அதில் ஒரு டின்கூட நினைவுக்கு வரவில்லை.

"இருக்கும்மா," என்றேன்.

கரீம் பாய் பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டினார். அந்த மூக்கின் மேல் இரண்டாக மடித்து வைத்து, இன்னொரு ரப்பர் பட்டையால் இறுக்கிச் சுற்றிக் கட்டினார். "காத்து இனிமே போவாது. வண்டி ஓடும். ஆனா வைப்பர் ஆடாது. அதுக்கு என்கிட்ட டியூப் இல்ல."

மழை இன்னும் விடவில்லை. மணி ஒன்பது ஐந்து. வைப்பர் இல்லாமல் பதினைந்து மைல் வேகத்தில் போனால் பத்தேகால், பத்தரை. அதே கதைதான்.

பச்சையம்மாள் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றார். வைப்பர் கம்பியைப் பிடித்து இந்தப் பக்கம் தள்ளினார். இரண்டு கம்பியும் சேர்ந்து நகர்ந்தன. அந்தப் பக்கம் தள்ளினார். அதுவும் நகர்ந்தது.

"பாய், கயிறு இருக்குதுங்களா?" என்றார்.

"இருக்குதும்மா. எதுக்கு?"

"இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு கட்டுங்க. நான் ஒரு தரம் இஸ்தா அவ ஒரு தரம் இஸ்கட்டும். நாள் பூரா தறியில கயித்தத்தானே இஸ்துகினு இருக்கேன்... கண்ணாடி மட்டும் இன்னா, கஷ்டமா?"

கரீம் பாய் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே சணல் கயிற்றை எடுத்து வந்தார். இடது வைப்பரிலிருந்து ஒரு கயிறு முன் ஜன்னல் வழியாகப் பச்சையம்மாள் கைக்கு. வலது வைப்பரிலிருந்து ஒரு கயிறு என் காதோரமாகப் போய், பின் ஜன்னல் வழியாகத் தேவகி கைக்கு.

"ஜல்தி கெளம்புங்க சார். பொண்ணுக்கு டைம் ஆவுது," என்று பாய் பானெட்டைச் சாத்தினார்.

அப்படித்தான் போனோம் வேலூருக்கு. இரண்டு ஜன்னலும் திறந்து கிடக்க, மழை தாராளமாக உள்ளே வர, பச்சையம்மாள் "இஸ்து... விடு... இஸ்து... விடு..." என்று ஒரே சீராகக் குரல் கொடுக்க, தேவகி தமிழ்நாட்டு மாவட்டங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே கயிற்றை இழுக்க — என் வாழ்நாளில் கண்ணாடி அவ்வளவு சுத்தமாக இருந்ததே இல்லை. அந்த உறிஞ்சுகிற வைப்பர் என்றைக்கும் அந்த வேகத்தில் ஆடியதில்லை. நான் முப்பத்தைந்து மைல் வேகம் போனேன்! எதிரே வந்த லாரி டிரைவர் வண்டியின் வேகத்தைக் குறைத்து, தலையை நீட்டி எங்களைப் பார்த்துவிட்டுப் போனார்.

"மதுரைக்கு அப்புறம் ராமநாதபுரமா, திருநெல்வேலியா சார்?" என்றாள் தேவகி நடுவில்.

"ராமநாதபுரம்," என்றேன். அதுவாவது தெரிந்ததே என்று சந்தோஷமாக இருந்தது.

ஆபீஸ் வாசலில் நிறுத்தும்போது மணி பத்தடிக்க ஐந்து நிமிடம். வந்தவர்கள் பட்டியலை வாசித்து, பத்தாவது பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தேவகி பதின்மூன்று. பச்சையம்மாள் தன் முந்தானையால் மகளின் முதுகுச் சேற்றைத் துடைத்தார். தேவகி பெட்டியைத் திறந்து பார்த்தாள். சர்டிபிகேட்டில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. அவளிடம்தான் ஈரமில்லாத இடம் இல்லை. உள்ளே போனாள்.

நான் முற்றத்தில் காரோடு நின்றேன். கட்டு தளர்ந்துவிட்டதா என்று பார்க்க பானெட்டைத் திறந்தேன். திறந்தவன் மூட வேண்டாமா? உள்ளேயே தலையை விட்டுக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். உண்மையைச் சொல்கிறேன் — எஞ்சினைப் பார்க்கவில்லை. பச்சையம்மாள் முகத்தைப் பார்க்காமல் இருக்க அது ஒரு வசதியான இடமாக இருந்தது.

தேவகி வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. திரும்பி வரும் வழியில்தான் சொன்னாள். அவள் உள்ளங்கையில் சிவப்பாகக் கயிற்றுத் தடம் இருந்ததைப் பார்த்து அதிகாரி 'என்ன அது?' என்று கேட்டாராம். அவள் நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். மேஜையிலிருந்த மூன்று பேரும் சிரித்திருக்கிறார்கள். அதில் ஒருவர் சிரிப்பை நிறுத்தி, "சரிம்மா, அந்தக் குழாய் ஏன் தட்டையாச்சு? நாலாங்கிளாஸ் பையனுக்குச் சொல்ற மாதிரி சொல்லு, பாப்போம்," என்றாராம்.

"என்னம்மா சொன்னே?" என்றேன்.

"பப்பாளித் தண்டுல தண்ணி உறியறத வெச்சி சொன்னேன் சார். நாம இஸ்கறதில்ல, நாம உள்ள எடத்த காலி பண்றோம், வெளிக்காத்துதான் வந்து தள்ளுதுன்னு. தண்டு எளசா இருந்தா ஒட்டிக்கும்னும் சொன்னேன்."

இருபது டின் நசுக்கி நான் சொன்னதை அவள் ஒரு பப்பாளித் தண்டில் முடித்துவிட்டாள்.

அடுத்த வாரமே மெட்ராஸுக்கு எழுதி, சரியான தடித்த குழாயை வரவழைத்தேன். இரண்டடி. மெக்கானிக்கிடம் கொடுத்துப் போடச் சொன்னேன். அவர் அதைப் பின்னால் கொண்டுபோய், சுற்றி, கிளிப்பில் நுழைத்து, மேலே ஏற்றினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. கரீம் பாய் கடைக்கும் ஒரு நாள் போய் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வண்டியைப் பார்த்ததுமே அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்.

போன வியாழக்கிழமை அந்தக் கவர் வந்தது. தேவகிக்கு. வந்தவாசி பக்கம் ஒரு பஞ்சாயத்துப் பள்ளியில் வேலை. பொங்கல் கழித்துப் போய்ச் சேர வேண்டும். அம்மாவும் மகளும் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். பச்சையம்மாள் சரோஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர்கள் இருவரும் சமையலறைப் பக்கம் போனதும், தேவகி என் முன்னால் வந்து தயங்கினாள்.

"சார், அன்னிக்கு இன்டர்வியூல ஒரு பொய் சொல்லிட்டேன். மனசு கேக்கல. உங்ககிட்ட சொல்லிடறேன்."

"என்னம்மா?"

"ரூமு ஜன்னல் வழியா முற்றம் தெரிஞ்சிது சார். வண்டிக்குள்ள தலைய விட்டுகினு ஒருத்தர் நிக்கிறாரே, யாருன்னு கேட்டாங்க. நடந்ததெல்லாம் சொன்னதுக்கப்புறம்... பெளதிக வாத்தியார்னு சொல்ல எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சி. அதனால... டிரைவர்னு சொல்லிட்டேன் சார். தப்பா நெனச்சிக்காதீங்க."

என் மானத்தைக் காப்பாற்றத்தானே சொல்லியிருக்கிறாள்! பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் சமையலறையிலிருந்து சரோஜாவின் குரல் வந்தது.

"பொய்தான் தேவகி... ஆனா இவ்ளோ பெரிய பொய்யா?"